எட்டரை மணி நேர வெளிச்சத்தில் பிராக்: ஜனவரித் திட்டத்தாள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செக் நாட்டுத் தலைநகரான பிராக் நகருக்கு ஜனவரி நடுவில் மூன்று இரவு தங்கப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை, அறுபத்தைந்தைத் தாண்டிய பாட்டி. கையில் ஒரு திட்டத்தாள். முதல் நாளுக்கு அதில் இருப்பது இது: காலை 10 மணிக்குப் பழைய நகரச் சதுக்கம், 11 மணிக்கு வானியல் கடிகாரம், அங்கிருந்து யூதர் பகுதி, 2 மணிக்குச் சாப்பாடு, 3:30க்குச் சார்லஸ் பாலம், 4 மணிக்குக் கோட்டை, 6 மணிக்குப் பெட்ஷின் குன்றின் கோபுரத்தில் நின்று சூரிய அஸ்தமனம்.

ஜூன் மாதமென்றால் தாளில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 9:15 ஆகிவிடும். ஜனவரி 15 அன்று மாலை 4:25க்கே மறைந்துவிடும்.

தாள் நான்கு இடங்களில் முறிகிறது. கோட்டைக்குள் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய கட்டடங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 4 மணிக்கே மூடப்படும். கடைசி நுழைவு அதற்கும் இருபது நிமிடம் முன்னால். 4 மணிக்குப் போய்ச் சேர்பவர்களுக்கு முற்றமும் மூடிய கதவும்தான் மிச்சம். ஆறு மணி அஸ்தமனம் என்று ஒன்று கிடையாது. 2 மணிச் சாப்பாடு, பகல் முடிய இரண்டரை மணி நேரமே இருக்கும்போது அதில் ஒன்றரை மணியை மேசையில் வைத்துத் தின்றுவிடுகிறது. நான்காவது, கடிகாரத்துக்கு முன்னால் கல்தரையில் அசையாமல் நின்றதில் பாட்டியின் பாதம் விறைத்துப் போய், அதற்குப் பிறகு எந்த இடமும் அவருக்குப் பிடிக்காமல் போகிறது.

திரும்பி வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் குளிர்மேல் பழி போடுவார்கள். நான்கில் மூன்று முறிவு குளிரால் வந்ததே அல்ல. குளிருக்குக் கடையில் துணி கிடைக்கும். வெளிச்சத்துக்கு, பார்க்கும் வரிசையை மாற்றுவது ஒன்றே வழி.

வெளிச்சக் கணக்கு

டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் பிராக்கில் பகல் என்பது காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை. ஜனவரி 15 அன்று காலை 7:55 முதல் மாலை 4:25 வரை, எட்டரை மணி நேரம். பிப்ரவரி நடுவில் 7:10 முதல் 5:20 வரை ஆகிவிடுகிறது. பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட முடிந்தால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். குளிர் ஏறக்குறைய அதேதான். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் இந்த ஒரு மாற்றமே மற்ற எல்லா யோசனைகளையும்விடப் பெரியது.

நேரம் மட்டுமல்ல, சூரியனின் உயரமும் கணக்கில் வரும். நகரம் வடக்கே 50 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஜனவரி நடுவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 19 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் உச்சிப்பொழுதிலேயே ஏறத்தாழ 30 மீட்டர் நீளும். பழைய நகரத்தின் சந்துகளும் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் மாலா ஸ்ட்ரானாவின் சந்துகளும் நாள் முழுக்க நிழலிலேயே கிடப்பது இதனால்தான். வெயில் வேண்டுமென்றால் ஆற்றங்கரை, பாலம், சதுக்கம், கோட்டையின் தெற்குப் பக்கம் என்று இடம் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. கோட்டை ஆற்றின் மேற்குக் கரைக் குன்றில் இருக்கிறது. பழைய நகரக் கரையிலிருந்து பார்த்தால் காலை வெயில் கோட்டையின் முகத்தில் விழும். பிற்பகலில் வெளிச்சம் பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் போய்விட, கோட்டை கறுத்துத் தெரியும். ஆகவே சார்லஸ் பாலத்துக்கு உரிய நேரம் காலை 8 முதல் 9:30 வரை. கூட்டமும் அப்போது குறைவு. அதிகாலை 5 மணிக்கே போகச் சொல்லும் கோடைகால அறிவுரை ஜனவரியில் தேவையில்லை. உதயமே எட்டு மணிக்கு என்பதால் சாவகாசமாகக் காலை உணவை முடித்துவிட்டே போகலாம். குளிர்காலப் பயணத்தில் கிடைக்கும் சில சலுகைகளில் இது ஒன்று.

மாலையில் அஸ்தமனத்துக்குப் பின் அரை மணிக்குச் சற்று மேல் வானம் கருநீலமாக இருக்கும், விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். பாலத்தில் இருப்பவை எரிவாயு விளக்குகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் விளக்கேற்றுபவர் ஒருவர் பழைய உடையில் வந்து அவற்றைக் கையால் ஏற்றிக்கொண்டே போவார்.

எந்தக் குளிர்

ஜனவரியில் சராசரியாகப் பகலில் 2, 3 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 3ஐச் சுற்றி. இதைவிடக் கீழே போகும் நாட்களும் உண்டு. இந்த ஊருக்கு நம்பகமான வெப்பநிலைப் பதிவு மிக நீளமானது: பழைய நகரத்தில் யேசு சபையினர் கட்டிய கிளெமெண்டினும் வளாகத்தில் 1775 முதல் இடைவிடாமல் நாள்தோறும் அளந்து எழுதி வருகிறார்கள். அங்கே பதிவான மிகத் தாழ்ந்த அளவு மைனஸ் 27.6 டிகிரி, 1785 மார்ச் 1 அன்று. மார்ச் பிறந்துவிட்டது, இனிக் குளிர் போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக அந்தத் தேதி.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 5 போலப்படும். மைனஸ் 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று என்றால் மைனஸ் 13. சார்லஸ் பாலம் 516 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், இருபுறமும் திறந்த ஆறு. சந்துக்குள் இல்லாத காற்று அங்கே இருக்கும். பாலத்தில் கால் வைப்பதற்கு முன்பே, கிழக்கு முனையில் நிற்கும் பாலக் கோபுரத்தின் வளைவுக்குள் வைத்தே மப்ளரையும் குல்லாவையும் இறுக்கிக்கொள்ள வேண்டும். நடுப்பாலத்தில் நின்று கையுறையைக் கழற்றி ஜிப் போடப் பார்த்தால் விரல் ஒத்துழைக்காது.

வெயிலடிக்கும் மைனஸ் 8 நாளைவிடத் தூறலடிக்கும் பிளஸ் 1 நாள் மோசமானது. ஈரத் துணி உடல் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். பிராக் போகிறவர்கள் மைனஸ் எண்ணைப் பார்த்துப் பயந்து பெரிய ஜாக்கெட் வாங்குகிறார்கள். அது நீர் தாங்குமா என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது வகை குளிர் மேகக் கூரை. நகரம் ஆற்றுப் பள்ளத்தில் இருப்பதால் காற்றழுத்தம் உயர்ந்து காற்றில்லாத நாட்களில் குளிர்ந்த காற்று கீழே தேங்கி, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். கீழே சாம்பல் நிறம், மூடுபனி, நாள் கணக்கில் கலையாது. அந்த நாளில் கோபுரச் சீட்டு எதுவும் வாங்கக் கூடாது.

ஆறு உறைந்து அதன்மேல் நடக்கும் பழைய ஓவியங்களைப் பார்த்துவிட்டு நகரின் ஆறான வுல்டாவாவைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: நகருக்குள் ஆறு உறைவது இப்போது அபூர்வம். இருபதாம் நூற்றாண்டில் மேலாற்றில் வரிசையாக அணைகள் கட்டப்பட்டன. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி என்பதால் ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியில் குளிர்காலத்திலும் அந்தச் சூட்டு நீரே கிடக்கும். அணையின் அடியிலிருந்து திறந்துவிடப்படும் அந்த நீர் நகரம் வந்து சேரும்போதும் உறைநிலைக்கு மேலேயே இருக்கிறது.

பாதம்

உடம்புக்கு மூன்று அடுக்கு என்பது எல்லோரும் சொல்வது. தோலோடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியில் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். தோலோடு ஒட்டிப் பருத்தி பனியன் மட்டும் கூடாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றவுடன் சில்லிடும். இவ்வளவு போதும். பயணம் கெட்டுப்போவது ஜாக்கெட்டால் அல்ல, செருப்புக் கடையில் செய்த தவறால்.

நகரத்தின் தரை கருங்கல். கல் பாதத்தின் சூட்டைச் சப்பாத்தின் அடிவழியே இழுத்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போது ரத்தம் ஓடுவதால் தெரியாது. நிற்கும்போது பத்து நிமிடத்தில் தெரியும். தடிமனான ரப்பர் அடி வேண்டும். மெல்லிய அடி உள்ள ஓட்டக் காலணியும் தோல் அடியுள்ள நாகரிகச் சப்பாத்தும் இரண்டுமே உதவாது. வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு எண் பெரிதாக வாங்கி, தடித்த கம்பளிக் காலுறை போட்ட பிறகும் விரலை அசைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். குளிருமே என்று பழைய சப்பாத்துக்குள் இரண்டு காலுறையைத் திணிப்பவர்களுக்கு முன்பைவிட அதிகமாகக் குளிரும். இறுக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. சூட்டைக் காக்கும் காற்றும் உள்ளே தங்க இடமில்லை.

இதே காரணத்தால்தான் சப்பாத்துக்குள் வைக்கும் சூட்டுப் பைகள் பலருக்கு வேலை செய்வதில்லை. அவற்றில் இருப்பது இரும்புத் தூள்; அது காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது. இறுக்கமான சப்பாத்துக்குள் காற்று போகாது, தூளும் சும்மா கிடக்கும். பையைப் பிரித்துச் சில நிமிடம் வெளியே வைத்துச் சூடு பிடித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும், அதுவும் காலுறைக்கு மேல். தோலில் நேரடியாகப் பட்டால் சுடும்.

பாட்டியின் கால் விறைத்த இடத்துக்குத் திரும்புவோம். 1410இல் பொருத்தப்பட்ட வானியல் கடிகாரத்தில் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு முறை பன்னிரு சீடர்களின் பொம்மைகள் இரண்டு சிறு ஜன்னல்களில் வந்து போகும். காட்சி ஒரு நிமிடத்தைத் தாண்டாது. அதற்காகக் கூட்டம் இருபது நிமிடம் முன்பே வந்து தலையை நிமிர்த்தி நிற்கிறது. குளிரில் இதைச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. மணிக்கு மூன்று நிமிடம் முன்னால் வந்து கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பது. பொம்மைகள் உயரத்தில் இருப்பதால் எதுவும் மறைக்காது. அல்லது பழைய நகர மண்டபத்துக்குச் சீட்டு வாங்கி, உள்ளேயுள்ள தேவாலயத்திலிருந்து அதே பொம்மைகள் சுழலும் பொறியைப் பின்பக்கமாகப் பார்ப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அங்கே கோபுரத்துக்கு லிப்டும் உண்டு.

தோலுக்கு எண்ணெய் கொண்டுபோகிறவர்கள் தேங்காய் எண்ணெயைக் குறுகிய வாய்ப் புட்டியில் எடுத்துப் போகவேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும். வாய் அகன்ற டப்பா போதும்.

தரை

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மார்கழிப் பனி முதல் இமயமலைப் பனி வரை பேசிவிடுகிறோம். பிராக் நடைபாதையில் அது பத்தாது. புதிதாக விழுந்த பொடிப்பனி பிடிப்புத் தரும், நடக்கலாம். மிதிபட்டு இறுகிய பனி வழுக்கும். பகலில் உருகி இரவில் உறைந்தது கண்ணாடி. இவற்றையெல்லாம்விட மோசமானது செக் மொழியில் லெடோவ்கா எனப்படும் படலம்: மழையாக விழுந்து, உறைநிலைக்குக் கீழே இருக்கும் கல்லைத் தொட்டவுடன் உறைவது. கல் ஈரமாக இருப்பதுபோல் மட்டுமே தெரியும்.

2014 டிசம்பர் தொடக்கத்தில் இப்படி உறைமழை பெய்தபோது மின்கம்பிகளைப் பனி உறை மூடி நகரின் டிராம் ஓட்டமே நின்றுபோனது. சுரங்கத்தில் ஓடும் மெட்ரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது டிராம் நிறுத்தம் வாசலில் இருக்கிறது என்பதைவிட மெட்ரோ நிலையம் பத்து நிமிட நடைக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நடைபாதைகள் நாலைந்து சென்டிமீட்டர் கல் கட்டங்களால் கோலம்போல் இழைக்கப்பட்டவை. தேய்ந்து பளபளக்கும், ஈரமானாலே வழுக்கும். தெருவில் இருப்பவை பெரிய உருண்டைக் கற்கள். உள்ளூரில் அவற்றுக்குப் பூனைத்தலை என்று பெயர். நடக்கும் முறை: அடியைச் சிறிதாக வைத்து, உடம்பின் எடை முன்காலுக்கு நேர்மேலே இருக்கும்படி, பாதத்தைத் தட்டையாக ஊன்ற வேண்டும். கை பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது. விழுகிறவர்களில் பலர் போனைப் பார்த்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கியவர்கள்.

சப்பாத்தின்மேல் மாட்டும் ரப்பர்க் கூர்முனைகள் பாட்டிக்கு ஒரு சோடி வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அவை பனிக்கட்டியில் மட்டுமே பிடிக்கும். மெட்ரோ நிலையத் தரையிலும் தேவாலயப் பளிங்கிலும் அதே கூர்முனை சறுக்கும். வாசலில் கழற்றிவிட வேண்டும். கழற்ற உட்கார இடம் இல்லாத வாசலே அதிகம் என்பதால் கை கொடுக்க ஒருவர் தேவை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை விண்ணப்பத்துக்கான காகிதமாக மட்டும் நினைக்காமல், எலும்பு முறிவுக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அவசர உதவிக்கு 112.

மாற்றி எழுதிய நாட்கள்

விதி ஒன்றுதான்: வெளிச்சம் இருக்கும்வரை வெளி, இருட்டிய பிறகு உள்.

முதல் நாள் கோட்டை. காலை 8:30க்கு மெட்ரோ ஏ தடத்தில் மாலோஸ்ட்ரான்ஸ்கா நிலையம், வெளியே வந்து 22ஆம் எண் டிராமில் இரண்டாவது நிறுத்தம் பிராஷ்ஸ்கி ஹ்ராட். அங்கே இறங்கினால் ஏற்றமே இல்லாமல், ஒரு பள்ளத்தின் மேலுள்ள பாலம் வழியாகச் சோதனைச் சாவடிக்கும் இரண்டாம் முற்றத்துக்கும் போய்விடலாம். கீழிருந்து நெருடோவா தெருவில் ஏறி வருவதுதான் அழகு என்று சொல்வார்கள். ஏற்றத்தில் வியர்க்கும், மேலே சோதனை வரிசையில் நிற்கும்போது அந்த வியர்வை குளிரும். ஏறித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் ஏறுவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிட்டு, நின்றதும் மூட வேண்டும்.

புனித வைட்டஸ் பேராலயத்தை முதலில் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு என்பதால் அன்று பன்னிரண்டு மணிக்குப் பிறகே. 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். உள்ளே கதகதப்பு இருக்கும் என்று ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். அவ்வளவு பெரிய கல்கூடு இரவின் குளிரைப் பகல் முழுக்க வைத்திருக்கும். மேற்கு வாசலில் நுழைந்தவுடன் இடப்பக்க வரிசையில் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. அது வடக்குச் சுவர் என்பதால் எந்த நேரத்திலும் நேர் வெயில் படாது. வெயிலுக்காகக் காத்திருந்து பயனில்லை. தெற்குச் சாளரங்கள் வழியே தாழ்ந்த வெயில் நுழைந்து எதிர்த் தூண்களில் நிறம் தெளிப்பது நண்பகலை ஒட்டி. கோடையில் சூரியன் உயரத்தில் இருப்பதால் இந்தச் சாய்வு கிடைக்காது. ஜனவரியில் போனதற்கு ஒரு லாபம்.

தெற்குக் கோபுரத்துக்கு 287 படி, தனிச் சீட்டு, லிப்ட் கிடையாது. பாட்டியும் ஒருவரும் இந்த நேரத்தில் பழைய அரச மாளிகைக்குப் போய்விடலாம். அங்கேயுள்ள விளாதிஸ்லாவ் மண்டபம் 62 மீட்டர் நீளம். உள்ளேயே குதிரைவீரர்கள் ஈட்டிப்போட்டி நடத்துவார்கள் என்பதால் குதிரை ஏறி வரத் தனிப் படிக்கட்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தரை மரப்பலகை. கல்லில் நின்று களைத்த பாதத்துக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். பக்கத்து அறையின் ஜன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று அரசரின் அதிகாரிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஐரோப்பா முப்பதாண்டுப் போரில் விழுந்தது. அதன்பின் புனித ஜார்ஜ் தேவாலயம், தங்கச் சந்து. சந்தின் 22ஆம் எண் குடிலில் எழுத்தாளர் காஃப்கா 1916–17 குளிர்காலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். குடில்கள் அத்தனை சிறியவை என்பதால் பத்துப் பேர் நுழைந்தாலே சூடாகிவிடும்.

12 மணிக்கு முதல் முற்றத்தில் காவலர் மாற்றம், கொடிச் சடங்கோடு. அது முடிந்ததும் நேரே சாப்பாடு. கோட்டைச் சீட்டு இரண்டு நாள் செல்லும். யாராவது களைத்துவிட்டால் மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம் என்பதை முதலிலேயே சொல்லி வைத்தால் அவசரம் குறையும். கோட்டைத் தோட்டங்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கும். இறங்கும்போது பழைய கோட்டைப் படிகளைத் தவிர்த்து, வந்த டிராமிலேயே திரும்ப வேண்டும். தேய்ந்த படிக்கட்டில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் கால் தவறும்.

பெட்ஷின் கோபுரத்தை இந்தக் குழுவின் தாளிலிருந்து அடித்துவிடலாம். 1891இல் ஈஃபெல் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது, 299 படி. குன்றுக்கு ஏற்றிச் செல்லும் கம்பி ரயில் 2024 செப்டம்பரில் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்டது. அது ஓடாத நாளில் மிதிபட்ட பனியில் குன்றேற வேண்டும். இருட்டிய பிறகு பார்க்க நகர மண்டபக் கோபுரம் இருக்கும்போது அந்தக் கஷ்டம் வேண்டாம்.

இரண்டாம் நாள் காலை 8:15க்குப் பாலம், கிழக்கு முனையிலிருந்து. ஒன்றே கால் மணி நேரம். அதன்பின் பாலத்துக்கு நேர் எதிரே கிளெமெண்டினும். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, 172 படி, வழியில் பரோக் நூலக மண்டபம். படி முடியாதவர் அந்த நேரத்தைக் காப்பிக்கடையில் கழிக்கலாம். 11:30க்குச் சாப்பாடு. 12:30 முதல் 4 வரை யூதர் பகுதி. சனிக்கிழமையானால் எல்லாம் மூடியிருக்கும் என்பதால் கிழமையைப் பார்த்து நாட்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே முதலில் கல்லறைத் தோட்டம், வெளிச்சம் இருக்கும்போதே. 1439 முதல் புதைத்து வந்த இடம், ஏறத்தாழ 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. பாதை குறுகல், ஈரம். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளையிடம் முன்பே விளக்கிவிட்டு உள்ளே போவது நல்லது.

சூடேற்றும் இடங்கள்

நாற்பது நிமிடம் வெளியே, இருபது நிமிடம் உள்ளே. குழுவில் முதியவரோ குழந்தையோ இருந்தால் இதைத் தளர்த்தக் கூடாது. குழந்தை உடல் சிறியது, சூட்டை வேகமாக இழக்கும். முதியவருக்குக் குளிர்வது தாமதமாகவே உறைக்கும். கேட்டால் பரவாயில்லை என்பார். கேட்பதைவிடக் கையைத் தொட்டுப் பார்ப்பது நம்பகமானது.

பிராக்கின் குளிர்கால ரகசியம் அதன் கட்டட ஊடுவழிகள். வாத்ஸ்லாவ் சதுக்கத்தைச் சுற்றி ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் கட்டடங்களின் ஊடே கூரைக்குள்ளேயே போகலாம். பெரியது லூசெர்னா, முன்னாள் குடியரசுத் தலைவர் வாத்ஸ்லாவ் ஹாவெலின் தாத்தா கட்டியது. உள்ளே கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் செத்த குதிரையின் வயிற்றில் புனித வாத்ஸ்லாவ் அமர்ந்திருக்கும், சிற்பி டேவிட் செர்னியின் சிலை இருக்கிறது. பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்துவது கடினம். பழைய காப்பிக்கடைகளில் 1902இல் தொடங்கிய லூவ்ர், ஓபரா வீடுபோன்ற நகராட்சி மாளிகையின் தரைத்தளக் கடை இரண்டும் பெரியவை, இடம் கிடைக்கும். உள்ளே நுழைந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். போட்டபடியே உட்கார்ந்தால் உள்ளே வியர்த்து, வெளியே வந்ததும் இரட்டிப்பாகக் குளிரும்.

சாப்பாட்டுக்கு வார நாட்களில் காலை 11 முதல் 2 வரை கிடைக்கும் மதிய மெனு மலிவு, வேகம். சூப்பில் தொடங்க வேண்டும். இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு மாவு உருண்டைத் துண்டுகளோடு வரும் ஸ்விச்கோவா என்ற மாட்டிறைச்சிக் குழம்பு. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு சூப், ரொட்டித்தூளில் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டி. காளானும் சதகுப்பைக் கீரையும் போட்ட குலைடா சூப்பில் முட்டை இருக்கும். உருளைக்கிழங்கு சூப்பிலும் பன்றிக் கொழுப்போ இறைச்சிச் சாறோ சேரலாம். "பெஸ் மாஸா" என்று கேட்டால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். மேசையில் கேட்காமலே வைத்திருக்கும் ரொட்டிக்கும் காசு உண்டு.

தெருவில் விற்கும் சூடான மசாலா ஒயின் கையைச் சூடாக்கும். உடம்பைச் சூடாக்காது. மது தோலடி ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு வெளியேறத்தான் செய்யும். குடித்துவிட்டுப் பாலத்துக்குப் போவது தலைகீழ் வரிசை. கம்பியில் சுற்றிச் சுடும் ட்ரெடெல்னிக் ரொட்டியைப் பழைய பொஹீமியப் பலகாரம் என்று பலகை சொல்லும். அது நகரம் முழுக்கப் பரவியது இந்த நூற்றாண்டில்தான். வேர் ஸ்லோவாக்கியா, டிரான்சில்வேனியா பக்கம். சுடச்சுட நன்றாகவே இருக்கும். கிறிஸ்துமஸ் சந்தைக் கடைகள் ஜனவரி 6 வரைதான்.

சீட்டு, காசு, போன்

செக் நாடு ஷெங்கனில் இருந்தாலும் நாணயம் கொருனா. யூரோ வாங்கும் கடைகள் தங்களுக்குச் சாதகமான மாற்று விகிதத்தில் வாங்கும். ஏடிஎம் திரையில் நம் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்து, கொருனாவையே தேர்ந்தெடுக்க வேண்டும். நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால், 1000 யூரோ மதிப்பு வரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்துசெய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீது இருக்க வேண்டும்.

மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. 24 மணி, 72 மணிச் சீட்டும் உண்டு. காகிதச் சீட்டை முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு முறை முத்திரை குத்த வேண்டும். நேரம் அந்த நொடியிலிருந்து ஓடும். குத்தாத சீட்டு கையில் இருப்பதும் சீட்டில்லாமல் இருப்பதும் பரிசோதகருக்கு ஒன்றுதான். டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் அட்டை தொட்டு வாங்கும் சீட்டில் முத்திரை ஏற்கெனவே இருக்கும்.

நால்வரின் சீட்டையும் ஒருவர் போனில் வைப்பது குளிர்காலத்தில் ஆபத்து. லித்தியம் பேட்டரி குளிரில் மின்னழுத்தம் குறைந்து, 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடும். சீட்டு, வரைபடம், விடுதி முகவரி மூன்றும் அதோடு போகும். போன் உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். பவர்பேங்கும் அதேபோல. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை உடனே மின்னேற்றக் கூடாது, கெட்டுப்போகும். கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகும் முன், வெளியிலேயே ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் மூடிவிட்டால் நீர்த்துளி பையின்மேல் படியும், லென்ஸில் படியாது. அரை மணி கழித்துத் திறக்கலாம்.

மேகக் கூரை நாள்

மூன்று நாளில் ஒரு நாளாவது சாம்பலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டே தாள் எழுத வேண்டும். அன்று பார்வை நூறு மீட்டரில் முடியும். கோபுரமும் மலையும் வீண். பாலம் மட்டும் விதிவிலக்கு, மூடுபனியில் சிலைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். முப்பது சிலைகளில் 1683இல் வைத்த நெபோமுக் புனித யோவானுடையதே முதல் சிலை. அது முடிந்ததும் நாள் முழுக்க உள்ளேதான்: தேசியக் கலைக்கூடம் (திங்கள் விடுமுறை), ஊடுவழிகள், நீண்ட மதிய உணவு. கால் வலிப்பவர்களுக்கு 17ஆம் எண் டிராம் இருக்கிறது. கிழக்குக் கரையோரமாகக் கதகதப்பாக உட்கார்ந்தபடியே ஆற்றையும் கோட்டையையும் பார்த்துக்கொண்டு போகலாம், 72 மணிச் சீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும்.

கிளம்பும் நாளில் மெட்ரோ ஏ தடத்தில் நாட்ராஷி வெலெஸ்லாவீன் நிலையம், அங்கிருந்து 59ஆம் எண் டிராலிபஸ் விமான நிலையத்துக்கு. 2024 மார்ச் முதல் 119ஆம் எண் பஸ்ஸுக்குப் பதிலாக இதுதான் ஓடுகிறது. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் 119ஐத் தேடிக் குளிரில் நிற்க வேண்டாம்.